சட்டைப்பையில் கீழ்ச்செட்டு

என் பெரியப்பா பந்தியில் உட்கார்ந்தால் ஒரு காரியம் செய்வார். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு வைக்கிறவர் நகர்ந்ததும் தலையை லேசாகக் குனிவார். துண்டால் வாயை மறைத்துக்கொண்டு கீழ்ப் பல்செட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மேல்செட்டு வாயிலேயே இருக்கும். அதன் பிறகுதான் இலையில் கை வைப்பார். ஒருமுறை பக்கத்து இலையில் இருந்த நான், "என்ன பெரியப்பா, சாப்பிடுற நேரத்துல பல்லைக் கழட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"சாப்பிடணும்ல, அதான்" என்றார்.

அப்போது சிரித்துவிட்டு அவியலுக்குத் திரும்பிவிட்டேன். ஆனால் அந்தப் பதில் மனதில் தங்கிவிட்டது. மெல்லுவதற்கென்று கட்டிய பல், மெல்லும் நேரத்தில் ஏன் தொல்லையாகிறது? மேல்செட்டு வாயிலேயே இருக்க, கீழ்ச்செட்டு மட்டும் ஏன் பைக்குப் போகிறது? இரண்டையும் செய்தவர் ஒரே மருத்துவர். ஒரே வாரம், ஒரே பிளாஸ்டிக், ஒரே வாய். பல்செட்டு போட்டிருப்பவர்கள் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள், திட்டு பெரும்பாலும் கீழ்ச்செட்டுக்குத்தான் விழும்.

"பல்லு கட்டிக்கிட்டார்" என்று சொல்கிறோம். நாலைந்து பல் மட்டும் போனவருக்கு அந்தச் சொல் சரி. பக்கத்துப் பல்லில் கம்பிக் கொக்கி மாட்டி நிற்கிற செட்டு அது, உண்மையிலேயே கட்டுப்பல்தான். எல்லாப் பல்லும் போனவருக்குக் கட்டுவதற்குத் தூண் ஏது? வழவழவென்று ஒரு ஈறு, அதன்மேல் ஒரு தகடு, இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் எச்சில். ஆணி இல்லை, பசை இல்லை. அப்படியிருந்தும் மேல்செட்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நாள் முழுக்கப் பேசுகிறது, சிரிக்கிறது, தும்முகிறது. விழுவதில்லை.

ஏன் விழவில்லை என்பதற்குச் சமையலறையிலேயே ஆதாரம் இருக்கிறது. கழுவிய எவர்சில்வர் தட்டுகளை ஈரத்தோடு ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டால், மறுநாள் பிரிக்கப் படும் பாடு தெரியும். நேராகத் தூக்கினால் கீழ்த்தட்டும் கூடவே வரும். ஓரத்தில் நகம் கொடுத்து நெம்பினால், ஒரு மூச்சுக் காற்று உள்ளே போனதும், சட்டென்று விட்டுக்கொடுக்கும். தண்ணீருக்கு உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் குணமும் உண்டு, தன்னையே பற்றிக்கொள்ளும் குணமும் உண்டு. இரண்டு தட்டுக்கு நடுவே மாட்டிய மெல்லிய நீர்ப்படலம், ஓரங்களில் உள்வாங்கி வளைந்து நிற்கும். அந்த வளைவு இருக்கிறவரை படலத்துக்குள் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவாகவே இருக்கும். வெளியே இருக்கும் காற்று இரண்டு தட்டையும் சேர்த்து அமுக்குகிறது.

இன்னொன்று, படலத்தின் பிசுபிசுப்பு. தகட்டைப் பிரிக்க வேண்டுமானால் அந்த இடுக்குக்குள் நாலாபக்கமிருந்தும் எச்சில் ஓடி வந்து நிரம்ப வேண்டும். இடுக்கு குறுகலாக இருந்தால் அந்த ஓட்டம் எளிதில் நடக்காது. ஆஸ்திரிய இயற்பியலாளர் ஜோசப் ஸ்டெஃபான் 1874-இல் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். வட்டமான இரண்டு தகடுகளைப் பிரிக்கத் தேவைப்படும் விசை, ஆரத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் கூடும், இடைவெளியின் மூன்றாம் படிக்கு ஏற்பக் குறையும். சொல்லிப் பார்க்கும்போது சாதாரணமாக இருக்கிறது. எண்ணைப் போட்டுப் பாருங்கள். இடைவெளி இரண்டு மடங்கானால் பிடிப்பு எட்டில் ஒன்று. ஆரம் பாதியானால் பிடிப்பு பதினாறில் ஒன்று. பல் மருத்துவர் நம் வாயில் கரண்டி கரண்டியாக மாவை அப்பி, ஈறின் ஒவ்வொரு மடிப்புக்கும் அச்சு எடுப்பதன் காரணம் இந்த மூன்றாம் படிதான். முடியளவு தளர்ந்தால், பிடி முடியளவு குறைவதோடு நிற்காது. பாதாளத்துக்குப் போய்விடும்.

இதே சூத்திரத்தில் வேகமும் இருக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் படலம் எதிர்த்து நிற்கும், மெல்ல மெல்ல இழுத்தால் விட்டுக்கொடுக்கும். தும்மலுக்கு அசையாத செட்டு கமர்கட்டுக்குக் கழன்று வருவது இதனால்தான். கமர்கட்டு நிதானமாக இழுக்கிறது.

இனி பெரியப்பாவின் சட்டைப்பைக்கு வருவோம். மேல்செட்டு அண்ணம் முழுவதையும் மூடிக்கொண்டு உட்காருகிறது. பல் இல்லாத மேல்தாடையில் செட்டுக்குக் கிடைக்கும் இடம் சராசரியாக 23 சதுர சென்டிமீட்டர். கீழே நாக்கு இருக்கிறது. அதற்கு வழிவிட்டு, குதிரை லாடம் போல வளைந்த ஒரு குறுகிய பட்டையாகத்தான் கீழ்ச்செட்டைச் செய்ய முடியும். கிடைக்கும் இடம் ஏறத்தாழ 12 சதுர சென்டிமீட்டர், மேலே உள்ளதில் பாதி. அதுவும் அகலம் இல்லாத பாதி. ஆரத்தின் நான்காம் படி இங்கே கழுத்தை நெரிக்கிறது.

அதோடு முடியவில்லை. மேல்செட்டின் பின்விளிம்பு, கெட்டியான அண்ணம் முடிந்து மெத்தென்ற அண்ணம் தொடங்கும் எல்லையில், சதையில் லேசாக அழுந்தி உட்கார்ந்திருக்கும். அந்த எல்லையைக் கண்டுபிடிக்கத்தான் மருத்துவர் "ஆ சொல்லுங்க" என்பார். 'ஆ' சொல்லும்போது மெத்தென்ற பகுதி மட்டும் அதிரும். அதிர்கிற இடத்துக்கு முன்னே செட்டு முடிந்துவிட்டால் காற்று உள்ளே புகும். ரொம்பப் பின்னால் போனால் குமட்டும். மில்லிமீட்டர் விளையாட்டு. கீழ்ச்செட்டுக்கு இப்படி ஒரு மூடி கிடையாது. அதைச் சுற்றி எச்சில் குளம்போலத் தேங்கி நிற்கிறது. தட்டு உதாரணத்துக்கே திரும்பினால், ஈரத்தட்டுகளை ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் முக்கிவிட்டு பிரித்துப் பாருங்கள். ஓரத்தில் காற்று இல்லை, வளைந்த நீர்விளிம்பும் இல்லை. முன்பு பிடித்திருந்த பிடி பெருமளவு போய்விடும். கீழ்ச்செட்டு தொட்டிக்குள் கிடக்கும் தட்டு. போதாக்குறைக்கு நாக்கு உள்ளேயிருந்து தள்ளுகிறது, உதடும் கன்னமும் வெளியேயிருந்து தள்ளுகின்றன, ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் அடித்தசைகள் தூக்குகின்றன.

எச்சிலே இல்லாதவர் கதி இன்னும் மோசம். நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை நம் வாயில் ஊறுகிறது. வயதானவர்கள் விழுங்கும் இரத்த அழுத்த மாத்திரைகள் சிலவும், மன அழுத்தத்துக்கான மாத்திரைகள் பலவும் இந்த ஊற்றை வற்றச் செய்துவிடும். "போன வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப செட்டு ஆடுது" என்று வருகிறவரிடம் செட்டைப் பார்ப்பதற்கு முன் மாத்திரைச் சீட்டைப் பார்ப்பது நல்லது.

மேல்செட்டை ஒட்டவைக்கும் இந்தச் சூட்சுமத்தை, இயற்பியல் பெயரெல்லாம் இல்லாமலே, ஜப்பானியர்கள் பிடித்துவிட்டார்கள். வகயாமாவில் உள்ள கன்ஜோ-ஜி என்ற கோவிலைச் சேர்ந்த நகவோகா தெய் என்ற பௌத்தத் துறவினி 1538-இல் காலமானார். அவர் பயன்படுத்திய மேல்செட்டு இன்றும் இருக்கிறது. கிண்ணென்று இறுகிய, இழை நெருக்கமான ஒருவகை மரத்தை ஒரே துண்டாகச் செதுக்கியது, பல்லும் தகடும் சேர்த்து. ஜப்பானிய மரப்பல் தச்சர்கள் முதலில் தேன்மெழுகில் வாயை அச்செடுப்பார்கள். அதைப் பார்த்து மரத்தைச் செதுக்குவார்கள். பிறகு ஈறில் சாயம் தடவி, மரத்தை வைத்து எடுப்பார்கள். சாயம் பட்ட இடம் மேடு, அதைச் சீவு. மறுபடி தடவு, மறுபடி சீவு. கல்யாண வீட்டுக்கு உத்தரம் இழைக்கிற ஆசாரியின் பொறுமை அது. கடைசியில் மரம் ஈறோடு ஈறாக ஒட்டிக்கொள்ளும். எச்சில் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அதற்கு 250 ஆண்டுகளுக்குப் பிறகும் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவருக்கு அந்த யோகம் கிடைக்கவில்லை. 1789 ஏப்ரலில் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது அவர் வாயில் மிஞ்சியிருந்த சொந்தப் பல் ஒன்றே ஒன்று. கீழ்த்தாடையில் இருந்த அந்தப் பல் நுழைய ஓட்டை போட்டு, ஜான் கிரீன்வுட் என்ற பல் மருத்துவர் செட்டு செய்து கொடுத்தார். வாஷிங்டனுக்கு மரப்பல் என்று ஒரு கதை உலகம் முழுக்க உண்டு. மரம் அல்ல. நீர்யானைத் தந்தம், ஈயம், மனிதப் பல் என்று பல செட்டுகள் அவரிடம் இருந்தன. தந்தத்தில் கறை ஏறி இழை தெரியும்போது பார்ப்பதற்கு மரம் மாதிரி ஆகிவிடும், அதில் பிறந்த கதையாக இருக்கலாம். மேல்செட்டையும் கீழ்ச்செட்டையும் சுருள்வில் கொண்டு இணைத்திருந்தார்கள். வில் இரண்டையும் எதிரெதிர்த் திசையில் தள்ளி ஈறோடு அமுக்கும். அதாவது, வாயை மூட வேண்டுமானால் வில்லை எதிர்த்துத் தாடையை இறுக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். படங்களில் அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு கடுகடுவென்று இருப்பதைப் பார்த்து வீரம் என்று நினைத்திருந்தேன். விஷயம் தெரிந்த பிறகு பாவமாக இருக்கிறது.

ஆனால் அதே மனிதரின் கணக்குப் புத்தகத்தில் 1784-ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று இருக்கிறது. கறுப்பின அடிமைகளிடமிருந்து ஒன்பது பற்கள் வாங்கியதற்கு 122 ஷில்லிங் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. வாங்கினார் என்ற சொல்லை அப்படியே நம்பவேண்டியதில்லை. அடிமை என்ன விலை பேசியிருக்க முடியும்? அந்தக் காலத்தில் மனிதப் பல்லுக்குச் சந்தை இருந்தது. 1815-இல் வாட்டர்லூ போர்க்களத்தில் செத்துக் கிடந்த இளம் வீரர்களின் வாயிலிருந்து பிடுங்கிய பற்கள் செட்டுகளில் ஏறின. போருக்குப் பிறகும் பல காலம் 'வாட்டர்லூ பல்' என்பது ஆங்கிலத்தில் ஒரு வழக்காகவே நின்றது.

தந்தம் எலும்பின் சொந்தக்காரன், வாயில் அழுகும், நாறும். அந்த நாற்றம் பொறுக்காமல்தான் 1770-களில் டூஷாட்டோ என்ற பிரெஞ்சு மருந்துக்கடைக்காரர் பீங்கானில் பல்செட்டு செய்துகொண்டார். மருந்துக் கலவைகளின் வாசனையெல்லாம் தன் தந்தப் பல்லில் ஏறிவிட, கடையில் இருந்த பீங்கான் கலுவம் மட்டும் எதையும் பிடித்துவைக்காமல் இருப்பதைப் பார்த்தாராம். பீங்கான் சுடும்போது சுருங்கும் என்பதால் அளவு பிசகிக்கொண்டே இருந்தது. பல் மட்டும் பீங்கானில் தனித்தனியாக வர, அடித்தகடு வேறு எதிலாவது இருக்கட்டும் என்று முடிவுக்கு வர இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று.

அந்த வேறு எது? பணக்காரருக்குத் தங்கத் தகடு. மற்றவருக்குப் பொக்கை வாய். இந்த நிலையை இரண்டு விஷயங்கள் சேர்ந்து மாற்றின, இரண்டுக்கும் ஒரே ஆண்டு, 1844. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர், சிரிப்பு வாயுவை முகர்ந்துவிட்டுத் தன் பல்லையே வலியில்லாமல் பிடுங்கவைத்தார். இரண்டே ஆண்டுகளில் ஈதரும் வந்தது. வலி போனதும் ஜனங்கள் சொத்தைப் பல்லையெல்லாம் துணிந்து பிடுங்கிக்கொண்டார்கள், வாய்கள் காலியாயின. அதே 1844-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கிப் பதப்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தம்பி நெல்சன் கந்தகத்தைக் கூட்டி, எபோனைட் எனப்படும் கெட்டியான ரப்பரைச் செய்து 1851-இல் தனிக் காப்புரிமை வாங்கினார். அச்சில் மெத்தென்று நிரப்பி, நீராவியில் வேகவைத்தால் ஈறின் ரேகைவரை பதிந்து வரும். விலையும் குறைவு. கன்னங்கரேலென்று இருந்ததை ஈறு நிறத்துக்குக் கொண்டுவரப் பாதரசச் சாயம் சேர்த்தார்கள். மருந்தைவிட நோய் மேல் என்கிற ரகம்.

நல்ல காலம் நீடிக்கவில்லை. 1864-இல் ரப்பர்ப் பல்செட்டுக்கே தனிக் காப்புரிமை கொடுக்கப்பட, அதை வைத்துக்கொண்ட ஒரு நிறுவனம் ஊர் ஊராகப் பல் மருத்துவர்களிடம் கப்பம் கேட்டது. ஆண்டுக்கு ஒரு தொகை, செட்டுக்கு ஒரு தொகை. நிறுவனத்தின் பொருளாளர் ஜோசையா பேக்கன் விடாக்கண்டன். கட்டாதவர்களைத் துரத்தித் துரத்தி வழக்குப் போட்டார். அவர் துரத்தலுக்குத் தப்பி ஊர் மாறிக்கொண்டே போனவர்களில் ஒருவர் சாமுவேல் சால்ஃபன்ட் என்ற பல் மருத்துவர். கடைசியில் சான் பிரான்சிஸ்கோவில் பிடிபட்டார். 1879 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேக்கன் தங்கியிருந்த ஹோட்டல் அறைக்குப் பேசித் தீர்க்கப் போனார், கையில் துப்பாக்கியோடு. பேக்கன் செத்தார், சால்ஃபன்ட் சிறைக்குப் போனார். இரண்டு ஆண்டு கழித்து, 1881-இல், காப்புரிமை தானாகவே காலாவதியானது. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

இப்போது பெரியப்பாவின் பையில் இருப்பது ரப்பர் அல்ல, அக்ரிலிக். 1930-களின் பிற்பகுதியில் பல் மருத்துவத்துக்குள் வந்து, பத்தே ஆண்டில் ரப்பரை வீட்டுக்கு அனுப்பிவிட்ட பிளாஸ்டிக். போர் விமானத்தின் கண்ணாடி மூடியும் இதே வகைதான். விமானிகளின் கண்ணுக்குள் அதன் சில்லு தெறித்தும் கண் கெடாததைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி, 1949-இல் லண்டனில் அதையே கண்ணுக்குள் வைக்கும் லென்ஸாக்கினார். கண்புரைக்கு லென்ஸ் வைத்துக்கொண்டு வாயில் செட்டும் போட்டிருக்கும் தாத்தாவின் கண்ணுக்கும் வாய்க்கும் ஒரே குலமாக இருக்கக்கூடும்.

செட்டு செய்யும் லேப் ஒன்றில் ஒரு மதியம் முழுக்க நின்று பார்த்திருக்கிறேன். மெழுகில் பல் பதித்து, வாயில் வைத்துப் பார்த்து, சரி என்று ஆனதும், அதை இரண்டு துண்டாகத் திறக்கும் ஒரு பித்தளைக் கிண்ணத்துக்குள் சுண்ணக்காரையில் புதைக்கிறார்கள். கொதிநீரில் போட்டுத் திறந்தால் மெழுகு உருகி ஓடியிருக்கும். பல் மட்டும் காரையில் தலைகீழாக நிற்க, மெழுகு இருந்த இடம் வெற்றிடம். அதை நிரப்பத்தான் அக்ரிலிக். ரோஸ் நிறத் தூள் ஒரு ஜாடியில், மூக்கைத் துளைக்கும் ஒரு திரவம் இன்னொரு புட்டியில். இரண்டையும் கலந்து மூடி வைத்துவிட்டு, லேப் அண்ணன் அவ்வப்போது மூடியைத் திறந்து கத்தி முனையால் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். முதலில் ஈரமணல். கொஞ்ச நேரத்தில் கத்தியோடு நூல் நூலாக எழும்பியது, பாகில் கம்பிப் பதம் என்பார்களே அது. அப்புறம் கையில் ஒட்டாத மாவு. "இப்பதான். இதை விட்டா ரப்பராயிடும்" என்று சொல்லி, உருண்டையை எடுத்து அச்சுக்குள் அமுக்கி, கிண்ணத்தை மூடித் திருகினார். தீபாவளிக்குப் பதம் பார்க்கிற அத்தை ஞாபகம் வந்தது.

பிறகு வெந்நீர்த் தொட்டி. அவசரப்படக்கூடாத இடம் அதுதான். அந்தத் திரவம் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும். தொட்டியைச் சட்டென்று கொதிக்கவிட்டால் உள்ளேயே குமிழி கட்டி, செட்டு இட்லிபோலத் துளைவிட்டுப் போகும். ஆகவே 74 டிகிரியில் நிதானமாக, பல மணி நேரம். வெந்து வெளியே வந்த செட்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ரோஸ் நிறத்துக்குள் மயிரிழை போலச் சிவப்பு நூல்கள் அங்கங்கே கிடந்தன. இரத்தக் குழாய் போலத் தெரிவதற்காகத் தூளிலேயே கலந்து வருவதாம். நாம் யாரும் அவ்வளவு நெருங்கிப் பார்க்கப் போவதில்லை, ஆனாலும் போட்டிருக்கிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு ரேகை பிசகாமல் செய்த செட்டு, ஏன் நாலு ஆண்டில் ஆடுகிறது? செட்டு மாறவில்லை, தாடை மாறிவிட்டது. பெரியப்பாவிடம் நான் கேட்ட கேள்விக்கு நிஜமான பதில் இங்கேதான் இருக்கிறது.

பல் எலும்பில் ஆணிபோல அறையப்பட்டது என்றுதான் நினைக்கிறோம். பல்லின் வேருக்கும் எலும்புக்கும் நடுவே கால் மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு நார்ப்படலம் இருக்கிறது. அந்த நார்களில் பல் தூளிக் குழந்தைபோலத் தொங்குகிறது. முறுக்கைக் கடிக்கும்போது பல் கீழே அழுந்துகிறது, நார்கள் விறைக்கின்றன, எலும்பை உட்பக்கமாக இழுக்கின்றன. கடி என்பது எலும்புக்கு இழுவையாகப் போய்ச் சேருகிறது. அந்த இழுவையைக் கேட்டுக்கேட்டே எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. ஒவ்வொரு தாடையிலும் இந்த நார்ப்படலத்தின் பரப்பைச் சேர்த்துப் பார்த்தால் 45 சதுர சென்டிமீட்டர் வரும். பல்லைப் பிடுங்கினால் படலமும் போகிறது. வேலை கொடுப்பார் இல்லாத எலும்பை உடம்பு சும்மா வைத்திருக்காது, கரைத்து வேறு இடத்துக்கு எடுத்துக்கொள்ளும். அதற்குமேல் செட்டு உட்கார்ந்து அமுக்குகிறது. இழுவைக்குப் பழகிய எலும்பின் தலையில் மெல்லிய சதையை மட்டும் வைத்துப் பாரம் ஏற்றினால், கரைவது இன்னும் வேகம் பிடிக்கும்.

ஆந்தியே டால்கிரென் என்ற ஆய்வாளர், முழுச் செட்டு போட்டவர்களின் தாடையைப் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்து எடுத்து 25 ஆண்டு தொடர்ந்து பார்த்துவிட்டு 1972-இல் எழுதினார். முதல் ஆண்டில் கரைவது அதிகம், பிறகு மெதுவாக, ஆனால் நிற்காமல். கீழ்த்தாடை மேல்தாடையைப்போல நான்கு மடங்கு கரைகிறது. பாதி இடம் மட்டும் வைத்துக்கொண்டு அதே கடியைத் தாங்குகிற தாடைக்கு வேறென்ன நடக்கும்? கரை ஓரத்து மரத்தை வெட்டிய பிறகு ஆற்றங்கரை சரிவதுபோல, வரப்புமாதிரி நின்ற ஈறுமேடு வழித்தெடுத்த சமதளமாகிவிடுகிறது. மேட்டில் சவாரி செய்யச் செய்த செட்டு, சமதளத்தில் வழுக்குகிறது. மேல்தாடை உள்நோக்கிச் சுருங்க, கீழ்த்தாடை வெளிப்பக்கம் தள்ளித் தெரிய, மூக்கும் மோவாயும் ஒன்றையொன்று விசாரிக்க வருவதுபோல நெருங்குகின்றனவே, பாட்டிமார் முகத்தில், அது இதன் வெளிவேடம்தான்.

மெல்லும் பலம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்த முறை எனக்குப் பிடித்தது. வேர்க்கடலை கொடுத்து, இத்தனை தடவை மெல்லுங்கள் என்று சொல்லி, துப்பச் சொல்லிச் சல்லடையில் சலிப்பார்கள். செட்டுக்காரர்களின் சல்லடையில் நிறைய தங்கும். சொந்தக் கடைவாய்ப்பல்லின் கடியில் நான்கில் ஒரு பங்கோ ஐந்தில் ஒரு பங்கோதான் செட்டில் கிடைக்கிறது. தாடைத்தசை பலவீனமானது மட்டும் காரணமில்லை, அதற்குமேல் அமுக்கினால் ஈறு வலிக்கும். நார்ப்படலத்தோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விட்டது. சோற்றில் ஒரு மணல் துகள் கிடந்தாலும் 'நற' என்று உடனே தெரிகிறதே, அந்த உணர்வு அந்த நார்களின் நரம்பில் இருந்தது. அண்ணத்தைத் தகடு மூடிவிட்டதால் சூடும் சரியாகத் தெரியாது. அக்ரிலிக் வெப்பத்தை எளிதில் கடத்தாது. வாயில் பக்குவமாக இருந்த காபி தொண்டையில் போய்ச் சுடும்.

அப்படியானால் கீழ்ச்செட்டை எதுதான் நிறுத்தி வைக்கிறது? நிறுத்தி வைத்திருப்பவர் போட்டிருப்பவரே. உள்ளேயிருந்து தள்ளும் நாக்கும், வெளியேயிருந்து தள்ளும் கன்னமும் சமமாகத் தள்ளுகிற ஒரு நடுக்கோடு உண்டு. பற்களை அந்தக் கோட்டில் அமைத்துவிட்டால், தள்ளுகிற இரண்டு பேருமே தாங்குகிறவர்களாகிவிடுவார்கள். அமைப்பது மருத்துவர் வேலை. தாங்கப் பழகுவது நாக்கின் வேலை. சைக்கிள் மாதிரி அது, செய்துகொடுத்தவரால் ஓட்டிக் காட்ட முடியாது. முன்பல்லால் கொய்யாவைக் கடித்து இழுத்தால் செட்டின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும், ஆகவே நறுக்கித் தின்ன வேண்டும். ஒரு பக்கமாக மென்றால் மறுபக்கம் எழும்பும், ஆகவே கவளத்தை இரண்டாக்கி இரண்டு பக்கமும் வைத்து மெல்ல வேண்டும். அறுபது எழுபது ஆண்டு ஒரு பக்கமாக மென்ற மனிதருக்கு இது லேசான பாடமா? பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் சட்டைப்பையைத் திறக்கிறார்கள்.

பேச்சும் ஒரு பாடம். எழுத்துகள் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியம் எண்ணும்போது நாக்கு, உதடு, அண்ணத்தோடு பல்லையும் எண்ணுகிறது. தகரமும் நகரமும் மேல்முன்பல்லின் அடியில் நாநுனி படும்போது வருகின்றன என்றும், வகரத்துக்குப் பல்லும் இதழும் சேர வேண்டும் என்றும் சொல்கிறது. பல் மருத்துவர் முன்பல்லை எங்கே நிறுத்துவது என்று பார்க்கும் சோதனையும் இதேதான். வகரம் வருகிற சொல்லைச் சொல்லச் சொன்னால் மேல்பல் விளிம்பு கீழுதட்டின் உள்விளிம்பை மெல்லத் தொட வேண்டும். எட்டாமல் நின்றால் பல் குட்டை, உதட்டை மிதித்தால் நீளம். புதுத் தகடு நாக்கு படும் இடத்தைத் தடிக்கச் செய்துவிடுவதால் றகரமும் னகரமும் லகரமும் முதல் வாரம் குழறும், சகரம் விசிலடிக்கும். நாளிதழை எடுத்து உரக்கப் படிப்பதுதான் வைத்தியம். சில வாரத்தில் நாக்கு புது வீட்டின் வாசற்படி உயரத்தைப் பழகிக்கொள்ளும்.

இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். ஈறுக்கு ஓய்வு வேண்டும் என்பது ஒன்று. கழற்றாத செட்டின் அடியில் காண்டிடா என்ற காளான் படர்ந்து அண்ணம் சிவந்து புண்ணாகும் என்பது இன்னொன்று. ஜப்பானில் 85 வயது தாண்டியவர்களைத் தொடர்ந்து பார்த்து 2015-இல் வெளியான ஆய்வில், செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. பற்பசை போட்டுத் தேய்த்தால் அக்ரிலிக் கீறும், சாதாரண சோப்பும் பிரஷும் போதும். கொதிநீர் ஆகவே ஆகாது, வளைந்துவிடும். வளைந்தால் என்ன ஆகும் என்பதை அந்த மூன்றாம் படி சொல்லிவிட்டது.

கீழ்த்தாடையின் குறைக்கு மருந்து ஒன்று வந்திருக்கிறது, தற்செயலாக. 1950-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரானமார்க், எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காக முயலின் கால் எலும்பில் டைட்டானியக் குழல் ஒன்றைப் பொருத்தினார். வேலை முடிந்து எடுக்கப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்துவிட்டது. 1965-இல் முதல் மனிதத் தாடையில் டைட்டானியத் திருகுகளை வைத்தார். 2002-இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாதவருக்கு இரண்டு திருகு வைத்து அதன்மேல் மாட்டும் செட்டுதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று அறிவித்தார்கள். முன்தாடையில் இரண்டு குமிழ், செட்டின் அடியில் இரண்டு குழி, 'டிக்' என்று மாட்டிக்கொள்ளும் பிரஸ் பட்டன். திருகைச் சுற்றியுள்ள எலும்புக்கு மறுபடி வேலை கிடைப்பதால் அது கரைவதும் மட்டுப்படுகிறது. அறிவித்தது சரி. இரண்டு திருகின் விலை நம் ஊரில் எத்தனை பேருக்கு எட்டும் என்பது அந்தக் கூட்டத்தின் கவலையில் இருந்திருக்காது.

பெரியப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சட்டைக்கு பட்டன் வச்சாப் போதும்பா, எழுபத்தெட்டு வயசுல தாடைக்கு எதுக்கு" என்றார். சர்க்கரையும் கட்டுக்குள் இல்லை. கீழ்ச்செட்டை மட்டும் புது அளவெடுத்து மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார். திண்ணையில் உட்கார்ந்து இரண்டு வாரம் தலையங்கத்தை உரக்கப் படித்தார், தெருவுக்கே அரசியல் தெரிந்தது. கவளத்தை இரண்டாக்கி இரண்டு கன்னத்திலும் வைக்கும் வித்தையைப் பெரியம்மாதான் எதிரே உட்கார்ந்து ஞாபகப்படுத்தினார்.

தை மாதக் கல்யாணம் ஒன்றில் மறுபடி பக்கத்து இலை. உப்பு வந்தது, ஊறுகாய் வந்தது. நான் அவர் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூக்குக்கண்ணாடி மட்டும் எட்டிப் பார்த்தது. சாம்பார் சாதம் தடையில்லாமல் போயிற்று, வடையைப் பிட்டு ரசத்தில் ஊறவைத்தார். முறுக்கு வந்தபோது ஒரு கணம் யோசித்துவிட்டு, அதை என் இலைக்குத் தள்ளிவிட்டார்.